காற்றில் விளையும் நீலம்

நுழையும்முன்

மஞ்சளை அரைத்து நீரில் கலக்கினால் நீர் மஞ்சளாகும். மருதாணியை அரைத்துக் கையில் இட்டால் கை சிவக்கும். அவுரி இலையை அரைத்துத் துணியில் தேய்த்தாலோ பச்சைக் கறைதான் எஞ்சும். அந்த இலைக்குள் நீலம் மறைந்திருப்பதைக் கண்டறிந்து, அதை வெளிக்கொணரும் வழியையும் வகுத்தவர்கள் எழுத்தறியாத உழவரும் சாயக்காரருமே. அவர்கள் கண்டறிந்த தொழில்நுட்பத்தையும், அதனால் அவர்கள் பெற்றதையும் இழந்ததையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அவுரி என்னும் செடி

அவுரி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுசெடி. இதற்கு நீலி என்ற பெயரும் உண்டு. இடுப்பளவு வளர்ந்து, சிறு இலைகள் எதிரெதிராக அமைந்த கூட்டிலைகளையும் இளஞ்சிவப்புப் பூக்களையும் கொண்டிருக்கும். தலைமுடிக்குக் கருமையூட்டும் தைலங்களில் இதன் இலைச்சாறு சேர்க்கப்படுவதைத் தமிழக மக்கள் அறிவர். அவரைக் குடும்பத்துச் செடியாதலின், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் இயல்பும் இதற்கு உண்டு. சாயம் பிரிந்தபின் எஞ்சும் சக்கையும் வயலுக்கு நல்ல தழையுரமாகும்.

சென்னை மாகாணத்தின் தென்னார்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களில் அவுரி பெருமளவில் பயிரிடப்பட்டது. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சில ஊர்களில் இன்றும் அவுரி விளைகிறது, நீலக்கட்டியும் ஆக்கப்படுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> தென்மாவட்டங்களில் நிலாவாரை என்னும் மருந்துச்செடியையும் அவுரி என்று வழங்குவதுண்டு. அதன் இலை மலமிளக்கியாகப் பயன்படுவது. அதில் நீலச்சாயம் இல்லை. பெயரை மட்டும் நம்பாமல் செடியைக் கண்டறிந்து கொள்வதே சாயம் கற்போரின் முதற்பாடம்.

இலையிலிருந்து கட்டிவரை

அவுரி இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. இண்டிகன் என்னும் நிறமற்ற பொருளாகவே அது இலையில் தங்கியிருக்கிறது. செடி பூக்கும் பருவத்தை நெருங்கும்போது இலையில் இப்பொருள் மிகுந்திருக்கும். அப்பருவத்தில் செடியை அறுத்து, வாடுவதற்கு முன்பே தொட்டிக்குக் கொண்டுசெல்வர்.

நீலம் ஆக்குமிடத்தில் தொட்டிகள் மேலும் கீழுமாக அமைந்திருக்கும். மேல்தொட்டியில் பசுந்தழையை அடுக்கி, மிதக்காதபடி மரங்களால் அழுத்தி, நீர் நிரப்புவர். ஏறத்தாழ ஓர் இரவு ஊறியபின் தழை நொதிக்கத் தொடங்கும். அப்போது இலையிலுள்ள நொதியின் செயலால் இண்டிகன் பிளந்து, சர்க்கரை வேறாகவும் இண்டாக்சில் என்னும் பொருள் வேறாகவும் பிரியும். நீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும்.

அந்நீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டு, துடுப்புகளாலும் கால்களாலும் இடைவிடாது அடித்துக் கலக்குவர். அடிக்க அடிக்கக் காற்று நீருக்குள் புகும். காற்றிலுள்ள ஆக்சிஜனால் இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணையும். நீல நுரை பொங்கி எழும். அந்த இணைப்பில் உருவாவதே நீலம். அது நீரில் கரையாது. ஆகவே அடியில் படியும். மேல்நீரை வடித்து, அடியில் தங்கிய குழம்பைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர். தழை வண்டி வண்டியாக வந்தாலும் கட்டி சிறிதளவே கிடைக்கும்.

நல்ல கட்டி எடை குறைந்திருக்கும். அதை நகத்தால் தேய்த்தால் செம்பு போன்ற பளபளப்புத் தோன்றும். மண்ணும் சுண்ணாம்பும் கலந்த கட்டியில் அந்தப் பளபளப்பு மங்கிவிடும். கட்டியை வாங்குவோர் கண்ணாலும் நகத்தாலும் செய்யும் சோதனை இதுவே.

இழையை ஆயத்தப்படுத்துதல்

சாயமேற்றக் கற்போர் பலரும் தொட்டியைப் பற்றியே எண்ணுவர். தேர்ந்த சாயக்காரரின் கவனம் முதலில் இழையின்மேல் செல்லும். பருத்தி இழையின் மேற்பரப்பில் இயற்கையான மெழுகுப் பொருள் உண்டு. அதை நீக்காவிட்டால் நீர் உள்ளே புகாது. நீர் புகாத இடத்தில் சாயமும் புகாது. எனவே பருத்தி நூலைச் சலவைச்சோடா கலந்த நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்து, நன்கு அலச வேண்டும். நீரில் இட்டதும் நூல் உடனே மூழ்கினால் அது ஆயத்தமாகிவிட்டது எனக் கொள்ளலாம்.

பட்டும் கம்பளியும் விலங்குகளிலிருந்து பெறும் புரத இழைகள். மிகுந்த காரம் அவற்றை அரித்துவிடும். ஆதலால் அவற்றை மென்மையான சோப்பு நீரில், மிதமான சூட்டில் தூய்மைசெய்வர். சாயத்தொட்டியிலும் அவற்றுக்குக் காரம் குறைவாகவே இருத்தல் வேண்டும். ஒரே தொட்டியில் பருத்தியையும் கம்பளியையும் எண்ணிப் பாராது தோய்ப்பவர் கம்பளியை இழப்பார்.

சாயவேர், மஞ்சிட்டி முதலிய செந்நிறச் சாயங்கள் இழையில் நிலைபெறப் படிகாரம் போன்ற நிறமூன்றிகள் தேவை. நீலத்திற்கு நிறமூன்றி வேண்டியதில்லை. அது இழைக்குள் கரைசலாகப் புகுந்து, கரையாப் பொருளாக மாறி, அங்கேயே சிறைப்பட்டுவிடுகிறது. ஏனைய தாவரச் சாயங்களிலிருந்து நீலம் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

உயிருள்ள தொட்டி

நீலம் நீரில் கரையாது என்று கண்டோம். கரையாத பொருளை இழைக்குள் செலுத்துவது எவ்வாறு? நீலத்திலிருந்து ஆக்சிஜனேற்றத்தின் பயனைத் திரும்பப் பெற வேண்டும். வேதியியல் இதனை ஒடுக்கம் என்று குறிப்பிடும். ஒடுக்கம் பெற்ற நீலம் தன் நிறத்தை இழந்து, காரநீரில் கரையும் வடிவத்தை அடையும். நீலத்தை நிலைநிறுத்துவதற்கு முதலில் அதை மறையச் செய்ய வேண்டும் என்பதே இத்தொழிலின் நுட்பம்.

இதற்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது காரம், இரண்டாவது ஒடுக்கும் பொருள், மூன்றாவது மிதமான வெப்பம். தென்னிந்தியச் சாயக்காரர் இம்மூன்றையும் தம்மைச் சுற்றியிருந்த பொருள்களிலிருந்தே பெற்றனர். உவர்மண்ணை ஊறவைத்து வடித்த நீரும் சுண்ணாம்பும் காரத்தைத் தந்தன. வயலோரங்களில் தானே முளைக்கும் தகரைச் செடியின் விதையை வேகவைத்துச் சேர்த்தபோது, அதை உணவாகக் கொண்டு பெருகிய நுண்ணுயிரிகள் ஒடுக்கத்தைச் செய்தன. தாழிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தமையால் வெப்பம் இரவிலும் தணியாது நின்றது. நுண்ணுயிரி என்னும் சொல்லையே அறியாத மக்கள், நுண்ணுயிரிகளுக்கு உணவிட்டு வளர்க்கும் முறையை அறிந்திருந்தனர்.

புதிய தாழியைத் தொடங்கும்போது பழைய தாழியின் நீரில் சிறிது எடுத்து ஊற்றுவர். பாலுக்கு உறைமோர் இடுவதை ஒத்தது இச்செயல். நல்ல தாழியின் நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று கொண்டே இருந்தது. அதனுடன் அதைக் காக்கும் அறிவும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

இன்று கற்போர் பலர் எளியதொரு முறையைக் கையாள்கின்றனர். நீலத்தூள் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு என்ற எடைக்கணக்கில் சுடுநீரில் கலக்கின்றனர். இங்கு நுண்ணுயிரிகளுக்கு வேலை இல்லை; சுண்ணாம்பு நீரில் சர்க்கரையே ஒடுக்கும் பொருளாகிறது. சில மணி நேரத்தில் தொட்டி ஆயத்தமாகிவிடும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் தன்மையது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

தொட்டியைப் படித்தல்

தொட்டி எப்போது ஆயத்தமாகும் என்பதைக் கடிகாரம் சொல்லாது. நீரின் மேற்பரப்பில் செம்பும் ஊதாவும் கலந்த மெல்லிய ஏடு படரும். நடுவில் நீலநுரை திரளும். ஏட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே நீர் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ தெளிந்திருக்கும். உள்நீரும் நீலமாக இருந்தால் ஒடுக்கம் முற்றுப்பெறவில்லை என்பது பொருள்.

மணமும் ஓர் அடையாளம். நன்கு நொதித்த தாழியிலிருந்து கடுமையாயினும் அழுகல் அல்லாத ஒரு மணம் எழும். புளித்த வாடை வீசினால் காரம் குறைந்துவிட்டது. சிறிது சுண்ணாம்பு இட வேண்டும். காரம் அளவுக்கு மிஞ்சினால் நுண்ணுயிரிகள் செயலற்றுப்போகும், நொதித்தல் நின்றுவிடும். பழங்காலச் சாயக்காரர் ஒரு சொட்டை நாவில் வைத்துக் காரத்தை அறிந்தனர். காரமானி வந்துவிட்ட இக்காலத்தில் அது தேவையற்றது; ஆபத்தானதும்கூட.

சிறு துணித்துண்டு ஒன்றைத் தோய்த்துப் பார்ப்பதே இறுதிச் சோதனை. அது மஞ்சட்பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் நீலமாக மாறினால் தொட்டி தோய்ப்பதற்கு உரியதாகிவிட்டது.

தோய்த்தல்

துணியை முதலில் வெறும் நீரில் நனைத்துப் பிழிய வேண்டும். உலர்ந்த துணியின் மடிப்புகளில் காற்று தங்கியிருக்கும். அது தொட்டிக்குள் சென்றால் ஒடுக்கத்தைக் குலைக்கும். நனைந்த துணியை நீர் தெறிக்காமல் மெல்ல இறக்க வேண்டும். தொட்டியின் அடியில் படிந்துள்ள மண்டியைத் துணி தொடலாகாது. தொட்டால் திட்டுத்திட்டாகக் கறை படியும். நீருக்குள்ளேயே துணியை மெதுவாக விரித்து, சில நிமிடங்கள் விட்டு, மேற்பரப்புக்கு அருகில் பிழிந்தவாறே வெளியே எடுக்க வேண்டும்.

வெளியே வந்த துணி மஞ்சட்பச்சையாக இருக்கும். அடுத்த சில நொடிகளில் ஓரங்கள் கரும்பச்சையாகும். பின்னர் நீலம் பரவத் தொடங்கும். மடிப்புகளைப் பிரித்துவிட்டால் மறைந்திருந்த பச்சையும் நீலமாகும். தொட்டி தந்தது நீலமற்ற கரைசலை மட்டுமே. அதனை நீலமாக்கியது காற்று. எனவே துணியைக் காற்றில் உலரவிடும் நேரமும் தோய்க்கும் நேரத்தைப் போலவே முதன்மையானது.

ஒருமுறை தோய்த்தால் வெளிர்நீலம் கிடைக்கும். கருநீலம் வேண்டுவோர் செறிந்த தொட்டியில் நெடுநேரம் ஊறவைத்தால் போதும் என எண்ணுவர். அவ்வாறு செய்தால் நீலம் இழையின் மேலே அப்பிக்கொண்டு, உடுத்தும்போது கையிலும் மேனியிலும் ஒட்டும். மென்மையான தொட்டியில் பலமுறை தோய்த்து, ஒவ்வொரு முறையும் காற்றாட விடுவதே முறை. நீலம் அடுக்கடுக்காக இழைக்குள் தங்கும். நிறம் ஆழமாவது பொறுமையால் மட்டுமே. அதனாலேயே சாயக்காரர் பத்துமுறையும் அதற்கு மேலும் தோய்த்தனர்.

முடிவில் துணியை நீரில் பலமுறை அலசி, தங்கிய காரத்தைப் போக்க மென்மையான புளிப்பு நீரில் ஒருமுறை தோய்த்து, மீண்டும் அலசி நிழலில் உலர்த்துவர்.

> தெரிந்து தெளிவோம்
> சோழமண்டலக் கடற்கரையின் புகழ்பெற்ற வண்ணத்துணிகளில் நீலம் தூரிகையால் தீட்டப்படவில்லை. தூரிகையில் இருக்கும்போதே நீலம் காற்றுப்பட்டுக் கரையாப் பொருளாகிவிடும். எனவே நீலம் வேண்டாத இடங்களை எல்லாம் மெழுகால் மூடித் துணி முழுவதையும் தாழியில் தோய்த்தனர். நீலத்தாழி கொதிக்க வேண்டியதில்லையாதலின் மெழுகும் உருகாது நின்றது.

கடல் கடந்த நீலம்

நீல ஆடை தமிழர்க்குப் புதியதன்று. முல்லைக்கலியில் ஆயர்மகளிர் நீல ஆடை உடுத்தமை பேசப்படுகிறது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் செங்கல் தொட்டிகள் வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவை என ஆய்வாளர் கருதினர். கிரேக்கர் இச்சாயத்தை 'இந்தியப் பொருள்' என்று பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'இண்டிகோ' என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது.

பிற்காலத்தில் புதுச்சேரிப் பகுதியில் நெய்து நீலம் தோய்த்த துணியைப் பிரெஞ்சு வணிகர் 'கினே' என அழைத்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தனர். செனகல் ஆற்றங்கரையில் நடைபெற்ற பிசின் வணிகத்தில் அத்துணி நாணயம் போலவே வழங்கியது.

நீலத்தின் விலை

நீலத்திற்கு உலகச் சந்தையில் மதிப்பு பெருகியபோது அதை விளைவித்தவர் வாழ்வு உயரவில்லை. வங்காளத்தில் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் உழவருக்கு முன்பணம் தந்து, அவர்தம் நெல்வயலில் அவுரி விதைக்கச் செய்தனர். விலையை முதலாளியே முடிவு செய்தான். கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. 1859ஆம் ஆண்டு அவ்வுழவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். 1860ஆம் ஆண்டு அரசு விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. அதே ஆண்டு தீனபந்து மித்ரா அவ்வுழவரின் துயரை 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகமாக வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார் 1861ஆம் ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

பீகாரின் சம்பாரனில் ஒவ்வொரு 20 கட்டா நிலத்திலும் 3 கட்டாவில் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்னும் கட்டாயம் நிலவியது. இதற்கிடையே ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் நீலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டு, 1883ஆம் ஆண்டு அதன் மூலக்கூறு அமைப்பையும் வெளியிட்டார். 1897ஆம் ஆண்டு செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. இந்திய அவுரியின் விலை சரிந்தது. அப்போதும் சம்பாரன் உழவருக்கு விடுதலை கிட்டவில்லை. அவுரியிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாக முதலாளிகள் உயர்ந்த குத்தகையையும் பெருந்தொகையையும் கேட்டனர். ராஜ்குமார் சுக்லா என்னும் உழவரின் அழைப்பை ஏற்று 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் காந்தியடிகள் அங்குச் சென்றார். ஆயிரக்கணக்கான உழவரின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. 1918ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அக்கட்டாய முறையை ஒழித்தது.

இழந்ததும் எஞ்சியதும்

செயற்கை நீலம் மலிவானது, தரம் மாறாதது. வேதியியல் நோக்கில் இலையிலிருந்து வரும் நீலத்திற்கும் அதற்கும் சாயப்பொருளில் வேறுபாடு இல்லை. இன்று உலகெங்கும் உடுத்தும் ஜீன்ஸ் துணியின் பாவுநூல் அதில்தான் தோய்கிறது. ஆயினும் ஆலைகளில் நீலத்தை ஒடுக்குவதற்குப் பயன்படும் வேதிப்பொருள்களின் எச்சம் கழிவுநீரில் கலக்கிறது. தூய்மைசெய்யாது வெளியேற்றினால் ஆறும் கிணறும் கெடும். இயற்கை நீலத்திலும் நீர்ச்செலவு உண்டு. அதன் சக்கையும் கழிவுநீரும் வயலுக்குத் திரும்பினால் உரமாகும். குளத்தில் கொட்டினால் மாசாகும். ஆகவே 'இயற்கை' என்னும் பெயர் மட்டுமே தூய்மைக்குச் சான்றாகிவிடாது. செய்யும் முறையே சான்றாகும்.

தூளின் வருகையால் உழவர் கட்டாயத்திலிருந்து விடுபட்டது நன்மையே. அதனோடு சேர்ந்து மறைந்தது, தாழியின் மணத்தையும் ஏட்டையும் படிக்கத் தெரிந்த அறிவு. பங்குக் கணக்கை ஏட்டில் எழுதி வைக்கலாம். உள்நீர் எந்த மஞ்சளை அடையும்போது தோய்க்கலாம் என்பதை எழுத்தால் முழுமையாக உணர்த்த இயலாது. தாழியின் அருகில் நின்று பழகியவரிடமே கற்க இயலும். பழைய தாழி வற்றிவிட்டால் உறையிட நீர் கிடைப்பதில்லை. பழகியவர் மறைந்துவிட்டால் கேட்டறிய ஆள் கிடைப்பதில்லை.

இன்று இயற்கைச் சாயத்தை நாடுவோர் மீண்டும் பெருகி வருகின்றனர். இழையும் இலையும் நாடெங்கும் கிடைக்கின்றன. அவற்றுக்கு நியாயமான விலையும், தாழியைக் காப்பவருக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைக்குமானால் இத்தொழில் நிலைக்கும். அவை கிடைக்காதபோது நீலம் யாருக்குச் சுமையாகும் என்பதை வங்காளமும் சம்பாரனும் ஏற்கெனவே காட்டியுள்ளன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள கைத்தறி நெசவாளர் அல்லது சாயத்தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக்காட்டுக.
2. 'அனுபவ அறிவும் அறிவியல் விளக்கமும்' என்னும் தலைப்பில், நீலத்தாழியைச் சான்றாகக் கொண்டு கலந்துரையாடுக.

இலக்கணக் குறிப்பு

பசுந்தழை, கருநீலம் – பண்புத்தொகைகள்
அடிக்க அடிக்க – அடுக்குத்தொடர்
மணத்தையும் ஏட்டையும் – எண்ணும்மை
கரையாப் பொருள் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

தோய்த்தனர் – தோய் + த் + த் + அன் + அர்
தோய் – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

குறுவினா

1. அவுரி இலையை அரைத்துத் துணியில் தேய்த்தால் நீலம் தோன்றாதது ஏன்?
2. நல்ல நீலக்கட்டியை எவ்வாறு கண்டறிவர்?

சிறுவினா

1. பருத்திக்கும் கம்பளிக்கும் சாயமேற்றும் முறையில் அமையும் வேறுபாட்டை விளக்குக.
2. சாயத்தொட்டி ஆயத்தமாகிவிட்டது என்பதை உணர்த்தும் அடையாளங்களை எழுதுக.

நெடுவினா

'நீலத்தின் நிறம் காற்றில் விளைந்தது. அதன் விலையை உழவர் தந்தனர்' – இக்கருத்தைப் பாடப்பகுதி வழி நிறுவுக.